பேட்ச் போடுறதுக்கு முன்னாடி உங்க ரோம் டம்ப் சுத்தமான்னு பாக்குறது எப்படி

பழைய வீடியோ கேம் ரோம்ல (கேட்ரிட்ஜ்லருந்து பைலா எடுத்த காப்பி, அப்படி எடுக்குறதுதான் டம்ப்) ஃபேன் ஆளுங்க செஞ்ச மாத்தத்த ஏத்துற பேட்ச் பைல போட்டா கறுப்பு ஸ்க்ரீன் வருது, இல்ல டைட்டில் வரைக்கும் வந்துட்டு எழுத்தெல்லாம் கட்டம் கட்டமா தெரியுது, இல்ல இதைவிட கொடுமையா பத்து மணி நேரம் நல்லா ஓடிட்டு ஒரே ஒரு கதவ திறந்தா மட்டும் அப்படியே நின்னுடுது. உடனே எல்லாரும் பேட்ச் பண்ணவனத்தான் திட்டுவாங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் பேட்ச்ல தப்பு இருக்குறது அபூர்வம், அடியில இருக்குற ரோம்தான் வேறயா இருக்கும்.

"எமுலேட்டர்ல (பழைய கேம கம்ப்யூட்டர்ல ஓட்டுற சாஃப்ட்வேர்) நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்லாதீங்க ப்ளீஸ். அது ஒண்ணுத்தையும் நிரூபிக்காது. ஒரு 16 எம்பி கேம்ல ஒரு பைட் மாறியிருந்தா, அது கடைசி லெவல்ல வர்ற ஏதோ ஒரு மரத்தோட படமா இருந்தா, நீங்க ஆயுசுக்கும் கவனிக்க மாட்டீங்க. பேட்ச் பண்றவன் அதே இடத்துல கைவச்சிருந்தாத்தான் வெடிக்கும். அதே மாதிரி பைல் பேர நம்பாதீங்க. பேருல [!] குறி இருந்தா நல்ல டம்ப்புன்னு ஒரு பழைய வழக்கம் உண்டு, குட்டூல்ஸ்ங்கற பழைய செட்லருந்து வந்தது, அதே செட்ல பி போட்டா கெட்ட டம்ப், ஓ போட்டா அளவுக்கு மேல படிச்ச டம்ப், எச் போட்டா ஹேக். நல்ல வழக்கம்தான், ஆனா பேர யார் வேணா மாத்தலாமே. பேரு பைலுக்கு உள்ள இல்ல, வெளிய ஒட்டின லேபிள்.

சுத்தமான டம்ப்னா கேட்ரிட்ஜுக்குள்ள (சின்ன வயசுல கேசட்னுதான் சொல்லிருப்போம்) இருக்குற ரோம் சிப்ல என்ன பைட் எந்த வரிசையில இருக்கோ அது மட்டும் அப்படியே பைல்ல இருக்கணும், கூடவும் கூடாது குறையவும் கூடாது, அவ்ளோதான். இது கெடுறதுக்கு நாலு வழி இருக்கு. யாரோ முன்னாடி எதையாவது ஒட்டி வச்சிருப்பாங்க, பைட் வரிசை மாறியிருக்கும், படிக்கும்போதே தப்பா படிச்சிருக்கும், இல்லன்னா டம்ப் சுத்தம்தான் ஆனா நீங்க நினைக்கிற பதிப்பு அது இல்ல. ஹாஷ் (பைல் முழுசையும் கணக்குப் போட்டு வர்ற கைரேகை மாதிரி ஒரு எண்) சரியான லிஸ்டோட ஒத்துப்போகலன்னா நிறைய பேர் நேரா மூணாவதுக்கு ஓடுவாங்க, ரீடர் (கேட்ரிட்ஜ படிக்கிற கருவி) போச்சு கேட்ரிட்ஜ் போச்சுன்னு. எப்பவுமே மத்த மூணையும் பாத்து கழிச்சிட்டு கடைசியா அங்க வாங்க, ஏன்னா மத்ததெல்லாம் ரெண்டு நிமிஷ வேல.

முதல்ல ஹாஷ் எடுக்குறது. சிஆர்சி32ன்னா 8 எழுத்து, எம்டி5ன்னா 32, ஷா-1ன்னா 40, ஷா-256ன்னா 64. எண்ணிப் பாத்தாலே எதுன்னு தெரிஞ்சிடும், இத ஏன் சொல்றேன்னா பவர்ஷெல்ல ஹாஷ் எடுத்தா ஒண்ணும் குறிப்பா சொல்லலன்னா அது ஷா-256 கொடுக்கும், லிஸ்ட்ல இருக்குறது ஷா-1, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு "ஒத்துப்போகலயே"ன்னு பதறுன ஆளுங்கள பாத்திருக்கேன். விண்டோஸ்ல 7-ஜிப் இருந்தா ரைட் கிளிக்லயே ஹாஷ் மெனு வரும், லினக்ஸ்லயும் மேக்லயும் கமாண்ட் இருக்கு, எதுவும் வேணாம்னா பிரவுசர்லயே ஓடுற ரோம் பேச்சர்ல பைல போட்டா சிஆர்சி32, எம்டி5, ஷா-1 மூணையும் காட்டிடும். ஒரு விஷயம், ஜிப் பைலுக்கு ஹாஷ் எடுக்காதீங்க, உள்ள இருக்குற ரோமுக்கு எடுங்க. சிரிக்காதீங்க, நானே பண்ணிருக்கேன். ஜிப்புக்குள்ள இருக்குற ஒவ்வொரு பைலோட சிஆர்சி32வும் அந்த ஜிப்லயே எழுதி இருக்கும், அதனால 7-ஜிப்ல திறந்தா பிரிக்காமயே சிஆர்சி காலம்ல பாத்துக்கலாம்.

ஒப்பிட்டுப் பாக்க லிஸ்ட் எங்கன்னா, கேட்ரிட்ஜ் கேமுக்கு நோ-இன்ட்ரோ. டிஸ்க் கேமுக்கு ரீடம்ப்புன்னு தனியா இருக்கு, அது இங்க வேணாம். நோ-இன்ட்ரோவோட டாட்-ஓ-மேட்டிக் சைட்ல கேம் பேர போட்டுத் தேடலாம், ஹாஷ போட்டும் தேடலாம். அவங்க கொடுக்குறது ரோம் இல்ல, ஹாஷும் அளவும் பேரும் இருக்குற பட்டியல் மட்டும்தான், டாட் பைல்னு சொல்வாங்க. பட்டியல்ல சில என்ட்ரிக்கு வெரிஃபைடுன்னு போட்டிருக்கும், ஒண்ணுக்கு மேற்பட்ட தனித்தனி டம்ப் ஒத்துப்போயிருக்குன்னு அர்த்தம். அது இல்லாத என்ட்ரி தப்புன்னு இல்ல, ஆனா அது வேதமும் இல்ல.

சிஆர்சி போதுமா ஷா-1 வேணுமான்னு ஒரு சண்ட எப்பவும் ஓடும். தற்செயலா வர்ற படிப்புப் பிழையக் கண்டுபிடிக்க சிஆர்சி32 தாராளமா போதும். ஆனா வேணும்னே ஏமாத்தலாம், ரோமோட காலி இடத்துல நாலு பைட்ட சரியா தேர்ந்தெடுத்து எழுதினா ஹேக் பண்ண ரோமுக்கும் பழைய சிஆர்சியவே வர வச்சிடலாம். அதனால எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாத பைலுக்கு ஷா-1 பாருங்க. ஷா-1ஐ 2017லயே உடைச்சிட்டாங்களேன்னு கேப்பீங்க, அது ஒரே ஹாஷ் வர்ற மாதிரி ரெண்டு பைல புதுசா செஞ்சு காட்டினது, ஏற்கனவே 1990ல வந்த ஒரு ரோமுக்கு ஜோடி செய்யிறது வேற கதை, நம்ம வேலைக்கு ஷா-1 போதும்.

சரி, இப்ப ஹாஷ் ஒத்துப்போகல. முதல்ல பைல் அளவ பாருங்க, கேபி எம்பில இல்ல, பைட் கணக்குல. உதாரணத்துக்கு சூப்பர் மாரியோ வேர்ல்ட் அமெரிக்கப் பதிப்பு எடுத்துக்குவோம். அது 512 கேபி, அதாவது 524,288 பைட். உங்க பைல் 524,800 இருந்தா, கழிச்சுப் பாருங்க, சரியா 512 பைட் அதிகம். இது காப்பியர் ஹெட்டர். அந்தக் காலத்துல சூப்பர் நின்டென்டோ கேம காப்பி எடுத்த மெஷினுங்க தன் வசதிக்காக முன்னாடி ஒட்டினது, கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. உங்க பைல் அளவ 1024ஆல வகுத்து மீதி 512 வந்தா ஹெட்டர் இருக்குன்னு கண்ண மூடிட்டு சொல்லலாம். எஸ்எம்சின்னு முடிஞ்சா ஹெட்டர் இருக்கும், எஸ்எஃப்சின்னு முடிஞ்சா இருக்காதுன்னு ஒரு பொதுப் பேச்சு உண்டு, பாதி உண்மை, அளவத்தான் நம்பணும். ஹெக்ஸ் எடிட்டர்ல (பைல்ல இருக்குற பைட்ட 16 அடிமான எண்ணா, அதாவது ஹெக்ஸா காட்டுற டூல்) முதல் 512 பைட்ட செலக்ட் பண்ணி அழிச்சிட்டு வேற பேர்ல சேவ் பண்ணி ஹாஷ் எடுங்க, சிஆர்சி32 பி19இடி489 வரணும். (ஹெக்ஸ்ல ஏ முதல் எஃப் வரைக்கும் எழுத்து வருமே, அத போன்ல சொல்ற மாதிரி உச்சரிப்பாவே எழுதிருக்கேன், பொறுத்துக்கோங்க.)

சூப்பர் நின்டென்டோல இன்னொரு நல்ல விஷயம், ரோமுக்குள்ளயே ஒரு செக்சம் (எல்லா பைட்டையும் கூட்டின சரிபார்ப்பு எண்) இருக்கு, நெட் கூட வேணாம். கேட்ரிட்ஜ்ல ரோம அடுக்குற முறை லோரோம், ஹைரோம்னு ரெண்டு உண்டு, லோரோம் வகை கேம்னா ஹெக்ஸ்ல 7எஃப்டிசிங்கற இடத்துலருந்து நாலு பைட் பாருங்க, முதல் ரெண்டு செக்சமோட தலைகீழ் (பிட்ல 0 இருந்தா 1, 1 இருந்தா 0), அடுத்த ரெண்டு செக்சம். மாரியோ வேர்ல்ட்ல 25 5எஃப் டிஏ ஏ0ன்னு இருக்கும். பைட் திரும்பி இருக்குறதால 5எஃப்25, ஏ0டிஏன்னு படிக்கணும், ரெண்டையும் கூட்டினா நாலு எஃப் வரும். வரலன்னா அந்த இடத்துலயே ஏதோ கெட்டுப்போயிருக்கு, இல்ல ஹெட்டர் 512 இன்னும் கழட்டல, இல்ல அது ஹைரோம் கேம், அதுக்கு எஃப்எஃப்டிசில பாக்கணும். எமுலேட்டர் முழு ரோமையும் கூட்டிப் பாத்து செக்சம் சரியா தப்பான்னும் சொல்லும். ஆனா செக்சம் சரின்னா டம்ப் சரின்னு முடிவு பண்ணாதீங்க, ஹேக் பண்ற டூல் நிறைய கடைசில செக்சமையும் திருத்தி எழுதிடும். செக்சம் தப்புன்னா சந்தேகப்படலாம், சரின்னா ஒண்ணும் சொல்ல முடியாது, அந்த அளவுக்குத்தான்.

நெஸ்ல (சூப்பர் நின்டென்டோக்கு முன்னாடி வந்த நின்டென்டோ மெஷின்) கதை தலைகீழ். அங்க முன்னாடி 16 பைட் ஹெட்டர் இருந்தே ஆகணும், எந்த போர்டு எந்த மேப்பர்னு (கேட்ரிட்ஜ்ல ரோம பகுதி பகுதியா மாத்திக் காட்டுற சிப் வகை) எமுலேட்டருக்கு அதுதான் சொல்லும். ஆனா அது கேட்ரிட்ஜுக்குள்ள இல்லாத ஒண்ணு, மனுஷன் எழுதினது, அதனால ஒரே கேமுக்கு ரெண்டு பேர் ரெண்டு விதமா ஹெட்டர் எழுதிருந்தா முழு பைல் ஹாஷ் மாறிடும், உள்ள இருக்குற ரோம் ஒண்ணேதான். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 40,976 பைட், அதுல 16 ஹெட்டர், 32,768 ப்ரோகிராம், 8,192 படம். ஒப்பிடும்போது அந்த 16ஐ விட்டுட்டு மிச்சத்துக்கு ஹாஷ் எடுங்க, நோ-இன்ட்ரோவுலயும் ஹெட்டர் இல்லாத கணக்கு தனியா இருக்கு. பழைய பைல திறந்தா ஹெட்டர்ல பூஜ்யத்துலருந்து எண்ணி ஏழாவது பைட்லருந்து "டிஸ்க்டூட்!"னு இங்கிலீஷ்ல கையெழுத்து இருக்கலாம், ஒரு பழைய டூல் காலி இடம்தானேன்னு தன் பேர எழுதிட்டுப் போனது. அப்புறம் அந்த இடத்துக்கே மேப்பர் நம்பரோட மேல் பாதிய வச்சாங்க. டி எழுத்தோட ஹெக்ஸ் 44, அதனால மேப்பர் நம்பர் 64 கூடி 0 இருக்க வேண்டியது 64ஆ தெரியும், கேம் திறக்கவே திறக்காது. ஏழுலருந்து பதினஞ்சு வரைக்கும் அந்தக் கையெழுத்த அழிச்சு 00 போட்டா சாதாரண கேமெல்லாம் உயிர் வந்துடும், நிஜமான மேப்பர் நம்பர் 15க்கு மேல இருந்தா மட்டும் ஏழாவது பைட்ட சரியா எழுதணும்.

நின்டென்டோ 64ல அளவு சரியா இருக்கும், சூப்பர் மாரியோ 64னா 8,388,608 பைட், ஹாஷ் மட்டும் வராது. முதல் நாலு பைட்ட பாருங்க. 80 37 12 40னு இருந்தா அதுதான் நேர் வரிசை, நோ-இன்ட்ரோவும் பேட்ச் பண்றவங்களும் கேக்குறது. 37 80 40 12ன்னு இருந்தா ரெண்டு ரெண்டு பைட்டா இடம் மாறியிருக்கு, டாக்டர் வி64ன்னு ஒரு காப்பியர் விட்டுட்டுப் போன சொத்து. 40 12 37 80ன்னா நாலு நாலா திரும்பியிருக்கு. எதுவும் கெடல, வரிசைதான் மாறியிருக்கு, திருப்பிப் போடுற டூல் சின்னது நிறைய கிடைக்கும். இதுல எக்ஸ்டென்ஷன மட்டும் மாத்திட்டு "மாத்திட்டேன் அப்பவும் வரல"ன்னு சொல்றது ஒரு தனி ரகம். அந்த நாலு பைட்ட கண்ணால பாத்துட்டு பேசுங்க.

சேகாவோட மெகா டிரைவ்ல எஸ்எம்டின்னு ஒரு பார்மட் உண்டு, 512 பைட் ஹெட்டரும் இருக்கும் வரிசையும் கலஞ்சிருக்கும், 16 கேபி கட்டுக்கு ஒற்றைப்படை பைட்டெல்லாம் ஒரு பக்கம் இரட்டைப்படை பைட்டெல்லாம் ஒரு பக்கம். சுத்தமான பைல்ல 100ன்னு ஹெக்ஸ்ல சொல்ற இடத்துல சேகாங்கற பேரு இங்கிலீஷ்ல முழுசா படிக்க வரும். எழுத்து ஒண்ணு விட்டு ஒண்ணு பிரிஞ்சு ரெண்டு இடத்துல கிடந்தா கலஞ்ச பார்மட்.

நின்டென்டோ டிஎஸ் கேட்ரிட்ஜ் டம்ப்ல பயப்படாம இருக்க வேண்டிய ஒண்ணு, ஹெக்ஸ்ல 4000லருந்து 7எஃப்எஃப்எஃப் வரைக்கும் செக்யூர் ஏரியான்னு ஒரு பகுதி, அத சில டூல் பூட்டின நிலையிலயே எழுதும், சிலது திறந்து எழுதும். ஒரே கேமுக்கு ரெண்டு சரியான ஹாஷ் அதனாலதான், நோ-இன்ட்ரோ ரெண்டையுமே வச்சிருக்கு. அப்புறம் இடம் மிச்சம் பண்றேன்னு கடைசில இருக்குற காலி பகுதிய வெட்டின பைலுக்கு ட்ரிம்டுன்னு பேரு, விளையாட ஓகே, பேட்சுக்கு எடுத்துட்டு வராதீங்க.

அளவு சரி, வரிசை சரி, அப்பவும் ஹாஷ் வேறன்னா பதிப்ப பாருங்க. இதுலதான் நான் நொந்து நூலானேன். 2004ல ஜிபிஏக்கு (கேம்பாய் அட்வான்ஸ்) வந்த போகிமான் ஃபயர்ரெட் ஆங்கிலத்துலயே 1.0, 1.1னு ரெண்டு இருக்கு, ரெண்டும் 16,777,216 பைட், டைட்டில் ஸ்க்ரீன்ல வித்தியாசமே தெரியாது. ஃபேன் ஹேக்ல பெரும்பாலானது 1.0க்குத்தான். என்கிட்ட இருந்தது 1.1. ஐபிஎஸ் பேட்ச் போட்டேன், ஒரு எச்சரிக்கையும் இல்லாம போட்டுக்கிச்சு, கேம் ஓடுச்சு, கொஞ்ச தூரம் போனதும் ஒருத்தன்கிட்ட பேசினா கதை பேசுறதுக்குப் பதிலா குப்பை எழுத்தா வந்து ரீசெட் ஆயிடுச்சு. ரெண்டு பதிப்புலயும் டேட்டா இடம் கொஞ்சம் தள்ளி இருக்கு, பேட்ச் அது தெரியாம 1.0 விலாசத்துல கொண்டுபோய் கொட்டிடுச்சு, அவ்ளோதான் விஷயம். சிஆர்சி32 பாத்திருந்தா பத்து செகண்ட்ல தெரிஞ்சிருக்கும், 1.0க்கு டிடி88761சி, 1.1க்கு 84இஇ4776. ஹாஷ் லிஸ்ட் கைல இல்லன்னா ஹெட்டர்லயே பாக்கலாம், ஜிபிஏ ரோம்ல பூஜ்யத்துலருந்து எண்ணி 188ஆவது பைட் பதிப்பு எண், 00ன்னா 1.0, 01ன்னா 1.1.

பேட்ச் எந்தப் பதிப்புக்குன்னு ரீட்மீ பைல்ல எழுதிருப்பாங்க, அத படிங்க, தலையெழுத்து மாதிரி அதுதான் எல்லாத்தையும் முடிவு பண்ணும். செல்டா எ லிங்க் டு த பாஸ்ட் ராண்டமைசர் (கேம்ல பொருளெல்லாம் இடம் மாத்திப் போடுற டூல்) ஜப்பான் 1.0 ரோம் கேக்கும், நீங்க ஆங்கிலத்துல ஆடினாலும் சரி. ஒகரினா ஆஃப் டைம் ராண்டமைசர் அமெரிக்க 1.0 கேக்கும். "என்கிட்ட அதைவிட புதுப் பதிப்பு இருக்கு, பக் எல்லாம் சரி பண்ணது"ன்னு பெருமையா போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடும்.

பேட்ச் பார்மட்டும் இதுல ஒரு பங்கு. ஐபிஎஸ் ரொம்ப பழசு, இந்த இடத்துல இந்த பைட்ட எழுதுன்னு மட்டும்தான் சொல்லும், அடியில இருக்குறது என்ன ரோம்னு அதுக்குத் தெரியவும் தெரியாது கவலையும் இல்ல, ரோமுக்கு பதிலா உங்க கல்யாண போட்டோவ கொடுத்தாலும் பேட்ச் போட்டுத் தந்துடும். 16 எம்பிக்கு மேல அதால எட்டவும் முடியாது. பிபிஎஸ், யூபிஎஸ் ரெண்டும் மூல ரோமோட சிஆர்சி32, போட்டு முடிச்ச ரோமோட சிஆர்சி32, தன்னோட சிஆர்சி32 மூணையும் உள்ளயே வச்சிருக்கும். பிபிஎஸ் பேட்ச் "இந்த பைல் இல்ல"ன்னு மறுத்தா அது உங்க நல்லதுக்குத்தான் சொல்லுது, செக்க ஆஃப் பண்ணிட்டுப் போடுற ஆப்ஷன தேடாதீங்க. பழைய ஐபிஎஸ் பேட்ச்ல இன்னொரு வில்லங்கம், சூப்பர் நின்டென்டோக்கு வந்ததுல நிறைய அந்த 512 ஹெட்டர் இருக்குற பைல வச்சு செஞ்சது. அத சுத்தமான பைல்ல போட்டா எல்லாமே 512 தள்ளி விழும், முதல் ஸ்க்ரீனே வராது. அந்த மாதிரி பேட்ச் கிடைச்சா சுத்தமான ரோமுக்கு ஒரு காப்பி எடுத்து, முன்னாடி 512 பூஜ்ய பைட் சேத்து, பேட்ச் போட்டு, திரும்ப அந்த 512ஐ வெட்டி எடுத்துடுங்க.

இதெல்லாம் தாண்டியும் ஹாஷ் வரலன்னா இப்பத்தான் டம்ப் மேலயே சந்தேகப்படணும். உங்க சொந்த கேட்ரிட்ஜ நீங்களே ரீடர்ல படிக்கிறீங்கன்னு வச்சுக்கிறேன், ஜிபிஎக்ஸ்கார்ட், சான்னி கார்ட் ரீடர், ரெட்ரோட் மாதிரி எதோ ஒண்ணு (சொந்த கேட்ரிட்ஜ காப்பி எடுக்குறதுல சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அத பாத்துக்கோங்க, டம்ப்ப மத்தவங்களுக்கு கொடுக்குறது எப்படியும் ஆகாது, அதனாலதான் ஃபேன் ஆளுங்க பேட்ச் மட்டும் வெளியிடுறாங்க).

என் கேம்பாய் கேட்ரிட்ஜ் ஒண்ணு. டம்ப் எடுத்தேன், ஹாஷ் வரல. எல்லாரும் சொல்ற மாதிரி ரெண்டாவது தடவையும் எடுத்தேன், ரெண்டும் ஒரே ஹாஷ். ரெண்டு தடவ ஒரே மாதிரி வந்தா டம்ப் சரின்னு எங்கயோ படிச்சது மனசுல இருந்துச்சு, அதனால லிஸ்ட்ல இல்லாத ஏதோ அபூர்வ பதிப்பு என் கைல இருக்குன்னு ரெண்டு நாள் மிதந்துட்டு இருந்தேன். அப்புறம் ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்து பாத்தேன். கேம்பாய் ரோம்ல ஹெக்ஸ்ல 104ங்கற இடத்துலருந்து 133 வரைக்கும் 48 பைட் லோகோ, எல்லா கேமுக்கும் ஒரே லோகோ, அது தப்பா இருந்தா நிஜ கேம்பாய் ஓட்டவே ஓட்டாது. அதுல மூணாவது நாலாவது பைட் 66 66, ஏழாவது 00. என்னோடதுல 67 67ன்னு இருக்கு, 00 இருக்க வேண்டியது 01. சரி ரெண்டு மூணு பைட்தான் கெட்டுதுன்னு கீழ இறக்கிட்டே போறேன், 01, 3எஃப், 21, சி9, 01, 01, 77, அப்படியே பக்கம் பக்கமா போகுது, பைல் முழுக்க ஒரு இரட்டைப்படை எண் கூட இல்ல!

ஒரு பைட்டோட எட்டு பிட்டும் எட்டு டேட்டா கம்பில வருது, அதுல கடைசி பிட்டுக்கான ஒண்ணு அழுக்கால பின்னோட ஒட்டவே இல்ல, தொங்கிட்டு இருக்குற கம்பிய ரீடர் எப்பவும் 1ன்னே படிச்சிருக்கு. பேங்க் (ரோமோட ஒரு பகுதி) மாத்துற கட்டளையும் அதே கம்பி வழியாத்தான் போகும்ங்கறதால பேங்க்கும் கன்னாபின்னான்னு இருந்துச்சு. அழுக்கு அசையாம அதே இடத்துல இருந்ததால ரெண்டு தடவையும் ஒரே தப்பு, ஒரே ஹாஷ். அதனால ரெண்டு டம்ப் எடுக்குறவங்க நடுவுல கேட்ரிட்ஜ கழட்டி திரும்ப சொருகிட்டு எடுங்க, முடிஞ்சா தொடச்சிட்டு எடுங்க. சும்மா பட்டன ரெண்டு தடவ அமுக்கினா அது ரெண்டு டம்ப் இல்ல.

தொடைக்கிறது எப்படின்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் பஞ்சுக்குச்சில நனைச்சு பின் மேல மேல் கீழா தேய்க்கணும், பஞ்சு கறுப்பா வரும், வெள்ளையா வர்ற வரைக்கும் புதுக் குச்சி மாத்தி மாத்தி. நல்லா காஞ்சப்புறம் சொருகுங்க. வாயால ஊதாதீங்க, சின்ன வயசுல எல்லாரும் ஊதினதுதான், எச்சி ஈரம் பின்ன அரிக்கும், அப்ப வேலை செஞ்ச மாதிரி தெரிஞ்சது கழட்டி மாட்டினதால. என்னோடது மூணு குச்சில சரியாச்சு, 66 66 வந்துச்சு, ஹாஷ் பாத்தா லிஸ்ட்ல இருக்குற சாதாரணப் பதிப்பு. அபூர்வம் ஒண்ணும் இல்ல.

டேட்டா கம்பி போனா இப்படி, அட்ரஸ் கம்பி (எந்த இடத்த படிக்கணும்னு சொல்றது) போனா வேற மாதிரி தெரியும். பைல்ல ஒரே பகுதி திரும்பத் திரும்ப வரும். மேல்மட்ட அட்ரஸ் கம்பி ஒண்ணு ஒட்டலன்னா பைலோட ரெண்டாவது பாதி முதல் பாதியோட அச்சு அசல் காப்பி. பைல ரெண்டா வெட்டி ரெண்டுக்கும் ஹாஷ் எடுங்க, ஒரே ஹாஷ்னா ஒண்ணு கம்பி பிரச்சனை, இல்ல கேம் அளவு சின்னது நீங்க ரீடர்ல பெரிய அளவ செட் பண்ணிட்டீங்க. எதுன்னு தெரிய கேம் ஹெட்டர்ல அளவ பாருங்க. கேம்பாய்ல ஹெக்ஸ்ல 148ங்கற இடத்துல இருக்குற எண்தான் அளவு, 00ன்னா 32 கேபி, ஒவ்வொண்ணு கூடும்போதும் ரெண்டு மடங்கு, 05ன்னா 1 எம்பி. ஜிபிஏல அளவுக்கு மேல படிச்சா காப்பி வராது, பெரும்பாலும் 00 00 01 00 02 00 03 00ன்னு எண் ஏறிட்டே போகும், காலியா இருக்குற பஸ்ல (அட்ரஸும் டேட்டாவும் போற கம்பிக் கூட்டம்) கடைசியா போன அட்ரஸே திரும்பி வர்றது அது. அழகா வரிசையா இருக்கேன்னு கேம் டேட்டான்னு நினைச்சுடாதீங்க, அந்த இடத்தோட வெட்டிடுங்க. அதுக்கு நேர்மாறா, அளவு குறைச்சலா படிச்சிருந்தா வெட்டி சரி பண்ண வழியே இல்ல, திரும்ப டம்ப் தான்.

ரெண்டு டம்ப் ஒவ்வொரு தடவையும் வேற வேறயா வந்தா கம்பேர் பண்ணுங்க, விண்டோஸ்ல எஃப்சி (/b சேத்து), மத்ததுல சிஎம்பின்னு (-l சேத்து) பழைய கமாண்ட் இருக்கு, எந்த இடத்துல எந்த பைட் மாறுதுன்னு வரிசையா கொட்டும். மாறுற பைட் எல்லாத்துலயும் ஒரே பிட் மட்டும்தான் ஆடுதுன்னா ஒரு பின் பிரச்சனை. எங்க பாத்தாலும் தாறுமாறா ஆடுதுன்னா கரண்ட் பத்தல, கேபிள மாத்துங்க, ஹப்ல சொருகாம நேரா கம்ப்யூட்டர்ல சொருகுங்க.

எல்லாம் தொடச்சாச்சு, பத்து தடவ கழட்டி மாட்டியாச்சு, ஒரே ஹாஷ் வருது, ஆனா லிஸ்ட்ல இல்லன்னா, துரதிர்ஷ்டவசமா முதல்ல நினைக்க வேண்டியது கேட்ரிட்ஜே டூப்ளிகேட்டான்னு. ஜிபிஏல, அதுலயும் போகிமான்ல, போலி ரொம்ப அதிகம். போலி போர்டுல ஒரிஜினல் ஃபிளாஷ் சேவ் சிப் இருக்காது, அதுக்கேத்த மாதிரி ரோம்ல சேவ் பண்ற கோட மாத்தி எழுதிருப்பாங்க, ஹெட்டர் லோகோ எல்லாம் பக்காவா இருக்கும், ஹாஷ் மட்டும் வராது. அந்த டம்ப் மேல பேட்ச் போட்டா சேவ் ஆகாம சாகும். திறந்து போர்ட பாருங்க, நின்டென்டோ பேரு அச்சாகி இருக்கா, சிப் மேல எழுத்து இருக்கா இல்ல கறுப்புப் பசையா ஒரு பொட்டு வச்சிருக்கான்னு. ஒரிஜினல்தான், அப்பவும் லிஸ்ட்ல இல்லன்னா அப்ப நிஜமாவே பதிவாகாத பதிப்பா இருக்கலாம், முன் லேபிள், பின் பக்கம், போர்டு, சிப் நம்பர் எல்லாத்தையும் போட்டோ எடுத்து, அளவும் மூணு ஹாஷும் எந்த ரீடர்ல எடுத்தீங்கன்னும் சேத்து நோ-இன்ட்ரோ ஆளுங்ககிட்ட சொல்லுங்க, ரோம் அனுப்ப வேணாம்.

ஹாஷ் ஒத்துப்போன பைல ரீட்-ஒன்லி ஆக்கி தனி போல்டர்ல வச்சிடுங்க, பக்கத்துலயே ஒரு டெக்ஸ்ட் பைல்ல ஷா-1ம் டம்ப் பண்ண தேதியும். பேட்ச் எப்பவும் காப்பி மேல மட்டும். இல்லன்னா சாஃப்ட் பேட்ச் பண்ணுங்க, ரோமுக்கும் பேட்சுக்கும் ஒரே பேர் வச்சு ஒரே இடத்துல போட்டா ரெட்ரோஆர்ச், எஸ்நெஸ்9எக்ஸ் எல்லாம் ஓடும்போது மட்டும் பேட்ச ஏத்திக்கும், அடி ரோம தொடாது. நூறு இருநூறு கேட்ரிட்ஜ் வச்சிருக்கவங்க ஒவ்வொண்ணா பாக்காதீங்க, ரோம்வால்ட், கிளார்மேம்ப்ரோ மாதிரி டூல்ல டாட் பைல கொடுத்து போல்டர காட்டினா எது சரி எது தப்புன்னு பச்சை சிவப்பா காட்டிடும். முதல் தடவ மட்டும் பைல மாத்த அனுமதி கொடுக்காம ஸ்கேன் மட்டும் பண்ணுங்க, சிலது பேர மாத்துறதோட நிக்காம தெரியாத பைல வேற போல்டருக்கும் நகத்திடும், நான் ஒரு சாயங்காலம் முழுக்க என் சேவ் பைல தேடிட்டு இருந்தேன்.